கட்டருக்கு விலை கேட்ட சம்பந்தியம்மா

பிப்ரவரி 4

மரியாதைக்குரிய அண்ணனுக்கு உங்கள் சம்பந்தி எழுதுவது.

இங்கே வீட்டில் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. அண்ணியின் முட்டி வலி இப்போது எப்படி? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒரு விவரம் வேண்டும். உங்கள் மகள் என் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் பட்டறை போட்டபோது, நீங்கள் இரண்டு மரப்பெட்டி நிறைய, இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷினுக்கான சாமான்கள் அனுப்பி வைத்தீர்களே, அவற்றில் என்னென்ன இருந்தன? எனக்கு இரும்பை எடையில் தெரியும், பெயரில் தெரியாது. ஒவ்வொன்றும் பார்க்க எப்படி இருக்கும், அதற்குப் பெயர் என்ன, என்ன வேலைக்கு ஆகும், பழைய சாமானாக இன்று கை மாறினால் என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள்.

மருமகளிடம் கேட்டிருக்கலாம். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. நான் கேட்டதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

சீக்கிரம் எழுதினால் நல்லது. வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அண்ணியின் முட்டி தேவலை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத்தான் தலைவலி. போன் போட்டுப் பேசலாம் என்று எடுத்தேன், கோபத்தில் வாய் குழறியது. எழுதினால் கையாவது நிதானமாகத் திட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன விலை என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு வந்த மருமகளின் சாமானுக்கு விலை கேட்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் அவளுக்குத் தெரியாமல்!

அந்தப் பெட்டிகள் எப்படிச் சேர்ந்தன என்று உங்களுக்குத் தெரியாது. மெஷினில் நின்ற காலம் போக, மீதிக் காலமெல்லாம் நான் பழைய மில்லிங் சாமான் வாங்கி விற்றவன். மூடப்போகிற தொழிற்சாலைகளில் ஏலம் விடும்போது கட்டர், காலெட் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் போட்டிருப்பான். சாக்கைப் பிரித்துப் பார்க்க விடமாட்டான். வாங்கி வந்து வீட்டுத் தரையில் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். சாக்குக்கு நாலு உருப்படி தேறினால் அதிர்ஷ்டம். அந்த நாலில் ஒன்றை விற்காமல் எடுத்து வைத்து எடுத்து வைத்துச் சேர்ந்தவைதான் அந்த இரண்டு பெட்டியும். என் மகள் தொழிற்பள்ளியில் படித்து, என்னைவிட நன்றாக மெஷின் ஓட்டுகிறவள். நான் அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. சாமான் மட்டும்தான் கொடுத்தேன்.

உங்கள் தராசில் கட்டரும் ஒன்றுதான், கதவுக் கீலும் ஒன்றுதான். அதனால் பெயர் மட்டும் சொல்கிறேன். சின்ன மரச்சட்டத்தில் எட்டு வட்டத் தட்டுகள் நிற்கும். ஓரத்தில் பல், பல்லின் முகம் வளைந்திருக்கும். அவை பல்சக்கரம் வெட்டும் கட்டர்கள். ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டிருக்கும். எட்டும் சேர்ந்தால்தான் அது ஒரு செட். சக்கரத்தில் எத்தனை பல் வேண்டும் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நம்பருக்கும் தனி வேலை, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. தடியான தட்டு, ஓரத்திலும் இரண்டு பக்கத்திலும் பல் இருந்தால் சைடு கட்டர். குழாய் போல இருந்து நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால் காலெட், அது கட்டரின் காலைப் பிடிக்கும். கைப்பிடியும், ஓட்டை ஓட்டையாக வட்டத் தகடுகளும் உள்ள கனமான சாமான் டிவைடிங் ஹெட். ஒரு வட்டத்தைச் சமமாகப் பிரித்துத் திருப்புவதற்கு அதுதான் வேண்டும்.

விலை கேட்டீர்களே, அதைச் சொல்ல மாட்டேன். எதற்கு என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் ஒரு வரி எழுதி எவ்வளவு நாளாகிறது!

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்


மார்ச் 2

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடுகிறோம். நீங்கள் திட்டியது வந்து சேர்ந்தது. அண்ணிக்கு முட்டி தேவலை என்று படித்ததில் சந்தோஷம்.

எதற்கு என்று இப்போது எழுத முடியாது. கேட்டதை மட்டும் சொல்லுங்கள்.

செய்தித்தாளில் நான்கு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். சாமானைத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தேன். பக்கத்தில் எடையும் போட்டிருக்கிறேன். இவை என்னென்ன என்று சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஒரு கட்டர் உயிரோடு இருக்கிறதா, தேய்ந்து செத்ததா என்று என்னைப் போன்றவள் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு, ஒரே மாதிரி பத்து கட்டர் கிடந்தால் அதில் உங்கள் பெட்டியிலிருந்து வந்தது எது என்று காட்ட ஏதாவது அடையாளம் உண்டா?

விலையும் வேண்டும். விலை இல்லாமல் மற்றதெல்லாம் தெரிந்து எனக்குப் பிரயோஜனம் இல்லை. அவசரம்.

இரவில் நேரத்தோடு சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 9

தங்கச்சிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது. அடையாளம் கேட்கிறீர்கள். எதற்கு, அழிப்பதற்கா? அப்படியே இருந்தாலும் சொல்கிறேன், அழிக்க முடியாது.

கடினமான எஃகில் ஆணி வைத்துப் புள்ளி குத்த முடியாது. அதனால் சாணைக் கல்லின் ஓரத்தால், நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு தேய்ப்புத் தேய்த்திருப்பேன். எல்லாக் கட்டரிலும் இருக்கும். டிவைடிங் ஹெட்டில் அடியில் இருக்கும்.

உயிர் இருக்கிறதா என்று கேட்டீர்கள். வெளிச்சத்துக்கு நேராகக் கட்டரைத் திருப்பிப் பாருங்கள். பல்லின் நுனியில் வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் அது மழுங்கியது. கூரான நுனி மின்னாது, கறுப்பாகத்தான் தெரியும். நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்தால் சுரண்ட வேண்டும், வழுக்கக் கூடாது. பல்லில் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்து போனது, எடைக்குத்தான் ஆகும். காலெட்டை வாய்ப் பக்கமாகப் பாருங்கள். எக்காளம் போல விரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். டிவைடிங் ஹெட்டுக்குத் துளைத் தகடு மூன்றும் கூட இருக்கிறதா என்று எண்ண வேண்டும். தகடு இல்லாவிட்டால் அது வாசல்கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும்.

படங்களைப் பார்த்தேன். நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள், அதுவே எரிச்சலாக இருக்கிறது. முதலாவது சைடு கட்டர். இரண்டாவது டிவைடிங் ஹெட்டின் துளைத் தகடு. மூன்றாவது பெரிய காலெட். நான்காவது பல்சக்கரக் கட்டர். எட்டில் ஒன்றை மட்டும் ஏன் தனியாக வரைந்தீர்கள் என்பது உங்களுக்கே வெளிச்சம்.

ஒவ்வொரு பொருளுக்கும் நேரே இதே தாளின் ஓரத்தில் விலை எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு காசு குறைத்துக் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன். போதுமா?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். போன கடிதத்திலும் இதையே எழுதினேன், பதிலில் அவரைப் பற்றி மூச்சே இல்லை.

அண்ணன்


மார்ச் 10

என் அருமை மகளுக்கு,

அம்மாவும் நானும் உன்னை நினைக்காமல் ஒரு வேளை சாப்பிடுவதில்லை. உனக்குத் தெரிய வேண்டாம் என்று உன் மாமியார் எழுதியிருக்கிறார். அதனாலேயே உனக்கு எழுதுகிறேன்.

அவர் உன் பெட்டிச் சாமானுக்கெல்லாம் விலை கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டார். அடையாளம் வேறு கேட்கிறார். இரும்புக் கடைக்காரர் புத்தி எங்கே போகும்? விற்கப் பார்க்கிறார், வேறென்ன? நானும் லேசுப்பட்டவன் இல்லை. உள்ள விலையைப் போல மூன்று மடங்கு எழுதிவிட்டேன். அந்த விலையைச் சொன்னால் எந்த வியாபாரியும் தலைதெறிக்க ஓடிவிடுவான். சாமான் பெட்டியை விட்டு அசையாது. உங்கம்மா, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது.

அச்சு இயந்திரத்துக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுக்கும் ஆர்டர் என்ன ஆயிற்று? அதை முடித்துக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் வேலை தொடர்ந்து வரும், பட்டறை நிலைத்துவிடும் என்றாயே. பெட்டிகளுக்குப் பூட்டுப் போடு. சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்.

மாப்பிள்ளை ஏன் எனக்கு எழுதுவதில்லை? அம்மாவுக்குப் பயந்தா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அத்தையும் சுகம். அம்மா முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆர்டருக்குக் கொஞ்சம் தவணை கேட்டிருக்கிறேன். மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அதைச் செய்ய நேரமே கிடைக்காமல் இருந்தது, இப்போது கிடைத்திருக்கிறது. பட்டறையில் கூரை ஒழுகிய இடத்தில் தகரம் மாற்றினோம். வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம் இன்னொரு விளக்கும் போட்டாயிற்று.

அத்தை ஏன் விலை கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. ஆனால் அவரைத் திட்டி எழுதாதீர்கள் அப்பா. விலையை மூன்று மடங்காக எழுதியதும் சரியில்லை. தொழில் தெரியாதவரிடம் நீங்கள் பொய் விலை சொல்லி நான் பார்த்ததில்லை.

பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. பூட்டுப் போட்டிருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம், வேலை முடிந்ததும் நானே ஒரு நடை வருகிறேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 21

பழைய இரும்புக் கடை முதலாளி அம்மாவுக்கு,

சுகமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. தங்கச்சி என்று எழுதவும் கை வரவில்லை.

என்னோடு ஏலத்துக்கு வரும் மூக்குக்கண்ணாடிக்காரர் போன வாரம் உங்கள் ஊர்ப் பழைய இரும்புத் தெருவுக்கு வந்திருக்கிறார். கழுத்தில் காந்தத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானாமே ஒருவன், அந்தக் காந்தக்காரன் கடைக்கும் போயிருக்கிறார். கடைக்காரன் பேச்சுவாக்கில், "நல்ல சைடு கட்டர் ஒண்ணு, பெரிய காலெட்டுங்க, துளைத் தகடு எல்லாம் வச்சிருந்தேன். இப்பத்தான் கை மாறிச்சு"ன்னு சொன்னானாம். "கட்டருல ஓட்டைக்குப் பக்கத்துல பிறை மாதிரி ஒரு தேய்ப்பு இருக்கும்"னும் சொன்னானாம். கண்ணாடிக்காரர் என்னிடம் வந்து, "ஏன்யா, உன் மக சாமானையெல்லாம் விக்கிறாளா? சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேனே"ன்னு கேட்கிறார். நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அடையாளம் கேட்டு, விலை கேட்டு, அவசரம் என்று அவசரப்படுத்தி, என் கையாலேயே எழுதி வாங்கி, என் மகளின் சாமானைச் சந்தையில் விற்றுவிட்டீர்களே! கொஞ்சமாவது மனசு உறுத்தியதா? அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறாள். உங்களை விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறாள். மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறாளாம். ஓடுகிற மெஷினை எவளம்மா துடைத்து வைப்பாள்? ஆர்டரை வைத்துக்கொண்டு, வெட்டக் கட்டர் இல்லாமல் என் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் அதற்கு அர்த்தம்.

அடுத்த மாதம் முட்டி வலி உள்ளவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மிச்சம் இருக்கும் சாமானையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறேன். மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வந்து பிழைத்துக்கொள்ளட்டும். அவரை மகனாக நடத்துவேன். உங்கள் முகத்தில் மட்டும் விழிக்க மாட்டேன்.

இதில் இரண்டு வார்த்தைகளை என் மனைவி அடித்துவிட்டாள். மை ஊறித் தெரிந்தால் படித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்


மே 14

அம்மாவுக்கு,

பதில் இல்லை. குற்றம் செய்தவர்கள் பதில் எழுத மாட்டார்கள் என்று நானும் எதிர்பார்த்ததுதான். உங்கள் அண்ணி மட்டும், அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று தினமும் வாசலைப் பார்க்கிறாள். மாதக் கடைசியில் கிளம்பலாம் என்றிருந்தேன், அவளுக்கு மறுபடி முட்டி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்ததும் வருகிறோம்.

தகப்பன்


ஜூன் 3

அண்ணனுக்கு,

அண்ணிக்கு முட்டி வீக்கம் என்று படித்தேன். நடக்க வைக்காதீர்கள். இங்கே யாருக்கும் உடம்புக்கு எதுவும் இல்லை. எழுத முடியாமல்தான் எழுதவில்லை.

நீங்கள் என்னை என்னவெல்லாமோ சொல்லிவிட்டீர்கள். அடித்திருந்த இரண்டு வார்த்தையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஜனவரியில் செம்புக் கம்பி விலை விசாரிக்கக் காந்தக்காரர் கடைக்குப் போனேன். அவர் மேசையில் ஒரு தடித்த தட்டும், வாய் கீறிய குழாய்களும், ஓட்டைத் தகடும், மருமகள் ஜன்னல் ஓரத்தில் மரச்சட்டத்தோடு வைத்திருப்பாளே, அந்தச் சட்டமும் இருந்தன. சட்டத்தில் ஒரு குழி காலி. யார் கொண்டுவந்து விற்றது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டறைச் சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது. நான் விற்கவில்லை. அவள் விற்கவில்லை.

உங்கள் அருமை மாப்பிள்ளைதான் விற்றான். சீட்டாட்டம். போன வருஷமே தொடங்கியிருக்கிறது, எனக்கு நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மருமகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவேன் என்று அவள் என்னிடம் மறைத்தாள். அவளுக்குத் தெரிந்தால் என் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று நான் அவளிடம் மறைத்தேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஊமையாக இருந்தோம்.

சாமானைத் திரும்ப வாங்கி, அவள் அறியாமல் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எது அவளுடையது, எது வேறு ஆளுடையது, எது நல்லது என்று எனக்குத் தெரியாதே. காந்தக்காரர் மேசையிலேயே தாளை விரித்து, வைத்துக் கோடு இழுத்தேன். அதற்குத்தான் உங்களைக் கேட்டேன். மார்ச்சில் உங்கள் கடிதம் வந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு போனேன். பிறை அடையாளத்தைக் காட்டி, "இது எங்க வீட்டுச் சாமான், பாருங்க, வாங்கிக் குடுத்தவரே எழுதியிருக்காரு"ன்னு சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "விலையும் அவரே எழுதியிருக்காரேம்மா. ஒரு காசு குறைச்சுக் கேட்டா திருடன்னு வேற போட்டிருக்காரு"ன்னார். எழுதியிருந்த விலையைக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கினேன். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த செம்பு முழுவதையும் அதற்காக வந்த விலைக்குத் தள்ளினேன்.

பெட்டியில் கொண்டுபோய் வைக்கும்போது மருமகள் பார்த்துவிட்டாள். என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்ததும் மகனை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளையை மகனாக நடத்துவேன்" என்ற இடத்தில் தலையைக் குனிந்தான். பிறகு நிமிர்ந்து, "வீட்டுச் சாமான்தானேம்மா, அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"னு கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசுக் கல்லை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. "அவ கைய வெட்டி வித்துட்டு வீட்டுச் சாமான்னு சொல்ற. சாவிய வச்சிட்டு வெளிய போ"ன்னேன். வைத்துவிட்டுப் போனான். வேறு ஊரில் லாரியில் மூட்டை ஏற்றுகிறானாம், காதில் விழுந்தது. அவன் திருந்தி வந்தாலும் பட்டறைச் சாவி அவன் கைக்குப் போகாது.

மருமகளை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று எழுதினீர்கள். நான் அவளையே கேட்டேன். "மெஷின் இங்கதானே இருக்கு அத்தை, நான் எங்க போறது?"ன்னாள். போக வேண்டியவன் போய்விட்டான். நீங்கள் பெட்டியைத் தூக்க வந்தால் நான் வாசலில் குறுக்கே நிற்பேன். விருந்தாளியாக வந்தால் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சிதான்


ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணிதான் படித்தாள். பாதியில் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "மீதிய நீங்களே படிங்க, நல்லா வேணும் உங்களுக்கு"ன்னாள். அதற்குப் பிறகு எனக்கு இங்கே மரியாதை இல்லை.

நான் எழுதியது பொய் விலை. உள்ளதைப் போல மூன்று மடங்கு. நீங்கள் விற்கப் பார்க்கிறீர்கள், விற்க விடக் கூடாது என்று வேண்டுமென்றே ஏற்றி எழுதினேன். விற்கிறீர்களா, வாங்குகிறீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு விலை சொல்லியிருக்கிறேன். பழைய கட்டரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் விலை சொன்னதில்லை. உங்களைப் பார்க்காமலே விலை போட்டுவிட்டேன். என் மகள்கூட அப்போதே கண்டித்து எழுதினாள், காதில் வாங்கவில்லை.

ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். "பையன் விற்றுவிட்டான், வாங்கப் போகிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் முதல் பஸ்ஸில் வந்திருப்பேனே! இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தீர்கள், சரி. நான் என்ன அந்நியனா? மாப்பிள்ளைக்கு அன்பு, மாப்பிள்ளைக்கு அன்பு என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதிப் பைத்தியக்காரன் ஆகியிருக்கிறேன். அவனை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்தக் காந்தக்காரனை மட்டும் விடப்போவதில்லை. அவனுக்கு உண்மை விலை தெரியும். தெரிந்துதான் சிரித்திருக்கிறான். நீங்கள் கொடுத்த விலையில் மூன்றில் இரண்டு பங்கு என் பொய்க்காகக் கொடுத்தது. அதை நான் தருகிறேன். அப்புறம் வந்து அவன் சட்டையைப் பிடிக்கிறேன். நீங்கள் இவ்வளவு பெரிய வியாபாரி, அவன் சிரித்தபோதாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

அண்ணி உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். முட்டி வடிந்துகொண்டிருக்கிறது.

வெட்கத்தோடு,
அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முட்டி வடிவது நல்ல செய்தி. மருமகளுக்கு ஆர்டரில் பாதி முடிந்தது. காலையில் கடை திறக்கும்போதே பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறது. எனக்கு இப்போது ரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது.

சந்தேகப்படக் கூடாதா என்று கேட்டீர்கள். சந்தேகம் என்ன, அவர் சிரித்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. புதுச் சாமானுக்கே அவ்வளவு விலை இருக்காது என்று தெரிந்துதான் கொடுத்தேன். நான் அந்தத் தெருவில் பேரம் பேசிப் பேசியே வயசானவள். பழைய வாளியாக இருந்தாலும் பாதி விலையில் தொடங்குவேன். அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர், "உங்க பையன் இதுல கால்வாசிக்குத்தானே குடுத்துட்டுப் போனான்"னு சத்தமாகச் சொல்லியிருப்பார். அக்கம் பக்கத்துக் கடையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் எதைக் கொண்டுவந்தாலும், யாருடையது என்று கேட்காமல் தராசில் வைக்காதவள் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் வீட்டிலேயே திருடன் இருக்கிறான் என்று அவர்கள் காதில் விழக் கூடாது என்றுதான் கேட்ட விலையைக் கொடுத்தேன். அதனால் உங்கள் பணம் எனக்கு வேண்டாம். நீங்கள் ஒழுங்கான விலை எழுதியிருந்தாலும் அவர் கேட்டதைத்தான் கொடுத்திருப்பேன்.

இப்போது அப்படி இல்லை. மூன்று மாதமாக யோசித்துப் பார்த்தேன். திருடியது அவன், பயந்து பயந்து நடந்தது நானும் மருமகளும். இதென்ன நியாயம் என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது.

பல்சக்கரக் கட்டரில் ஐந்தாம் நம்பர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஆர்டரில் மீதிப் பாதிக்கு அதுதான் வேண்டும், இருபத்துநாலு பல் சக்கரம் அதில்தான் வெட்ட வேண்டும் என்கிறாள். தெருக்கோடியில் உள்ள கடையில் இருப்பதாக நேற்று தெரிந்தது. நீங்கள் அண்ணியோடு புறப்பட்டு வாருங்கள். நாம் அந்தக் கடைக்குப் போவோம், மருமகளும் வரட்டும். நகத்தில் வைத்துப் பார்த்து, விலையை நீங்கள் பேசுங்கள். யார் கொண்டுவந்து விற்றது என்று தெருவில் எவன் கேட்டாலும், நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி